ஸ்கேனர் சொன்ன பார்ட்டை வாங்குவதற்கு முன்

காரின் டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரிந்ததால் ஸ்கேனரை மாட்டிப் பார்த்த ஒர்க்‌ஷாப் தம்பி ஒரு துண்டுச் சீட்டில் மூன்று பார்ட்டுகளை வரிசையாக எழுதிக் கொடுத்தார். முதலில் ஆக்சிஜன் சென்சார். அதற்கும் எஞ்சின் விளக்கு அணையவில்லை என்றால் ஏர் ஃப்ளோ சென்சார். அதற்கும் மசியவில்லை என்றால் ஃப்யூல் பம்ப். "ஒண்ணொண்ணா மாத்திப் பார்த்துடலாம் சார், எப்படியும் இந்த மூணுல ஒண்ணுதான்" என்றார். மூன்றின் விலையையும் கூட்டினால், என் பழைய பெட்ரோல் காரை இன்று விற்றால் கிடைக்கும் தொகையில் கணிசமான பங்கு. சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். "கோட் நம்பர் மட்டும் சொல்லுங்க தம்பி, போதும்" என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பி0171.

வேலையில் இருந்த காலம் முழுக்க நான் டெலிபோன் லைன் ஃபால்ட் பார்த்தவன். 'போன் டெட்' என்று புகார் வந்தால் போனைக் கழற்றிப் புதுப் போன் மாட்டும் பழக்கம் எங்களுக்குக் கிடையாது. மீட்டரைப் போட்டு, லைன் எங்கே அறுந்திருக்கிறது, எங்கே எர்த் அடிக்கிறது என்று அளந்துகொண்டே போவோம். காரின் கம்ப்யூட்டர் தருகிற எரர் கோடும் அப்படி ஒரு புகார்ச் சீட்டுதான். எங்கிருந்து அளக்க ஆரம்பிக்கலாம் என்று அது சொல்லும். எதை வாங்க வேண்டும் என்று சொல்லாது. எஞ்சின் விளக்குக்கு ஆகும் தண்டச் செலவில் பெரும்பகுதி, இந்த இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்வதால் வருகிறது என்பது என் அபிப்பிராயம்.

பி0171 என்ன புகார் செய்கிறது என்று பார்ப்போம். பெட்ரோல் எஞ்சினில் ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். இந்தக் கணக்கு சரியாக நடக்கிறதா என்று சைலன்சர் வழியில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் மோந்து பார்த்துச் சொல்லும். புகையில் ஆக்சிஜன் மிஞ்சினால், பெட்ரோல் போதவில்லை என்று கம்ப்யூட்டர் கொஞ்சம் கூட்டிவிடும். அப்படிக் கூட்டிக்கொண்டே போய் ஒரு வரம்பைத் தாண்டினால், பல வண்டிகளில் அது 25 சதவீதத்தை ஒட்டி இருக்கும், இதற்கு மேல் என்னால் சமாளிக்க முடியாது என்று விளக்கைப் போட்டுவிடும். ஆக, கம்ப்யூட்டரின் கணக்கில் வராத காற்று எங்கிருந்தோ உள்ளே நுழையலாம். பெட்ரோல் குறைவாக வரலாம். காற்றை அளக்கும் சென்சார் குறைத்துச் சொல்லலாம். ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் சைலன்சர் குழாயில் ஓட்டை இருக்கலாம். சென்சாரே பொய் சொல்வது கடைசிச் சந்தேகம். சொல்லப்போனால் அந்தச் சென்சார் ஒழுங்காக வேலை செய்ததால்தான் விஷயமே வெளியே வந்திருக்கிறது. தண்டனை மட்டும் அதற்கு!

நம்பரை எப்படிப் படிப்பது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். முன்னால் வரும் பி, எஞ்சினும் கியர் பாக்ஸும் சேர்ந்த பகுதியைக் குறிக்கும். அடுத்து 0 வந்தால் எல்லாக் கம்பெனி வண்டிக்கும் பொதுவான அர்த்தம். 1 வந்தால் அந்தக் கம்பெனி தனக்கென்று வைத்துக்கொண்டது. அதற்கு வேறு கம்பெனி வண்டியின் விளக்கத்தைப் படித்துவிட்டு வேலையில் இறங்கினால் திண்டாட்டம்தான். மூன்றாவது இடத்தில் 1 அல்லது 2 காற்று, எரிபொருள் சமாச்சாரம். 3 என்றால் ஸ்பார்க், மிஸ்ஸிங் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றாமல் விட்டுப்போவது). 4 புகைக் கட்டுப்பாடு. 7 கியர் பாக்ஸ்.

இதைப் படிக்கும் பதினாறு பின் சாக்கெட் ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் பக்கம் எங்காவது இருக்கும். அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து இது கட்டாயம், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதல். அதனால் இன்றைக்கு ஓடுகிற கார்களில் அநேகமாக எல்லாவற்றிலும் உண்டு. அதில் செருகுகிற புளூடூத் அடாப்டர் ஒரு டேங்க் பெட்ரோலைவிட மலிவு. போனில் ஒரு ஆப் போட்டுக்கொண்டால் ஸ்கேனர் தயார்.

மலிவு அடாப்டரில் ஒன்றிரண்டு சங்கதிகள் உண்டு. பெட்டியின் மேல் ஈஎல்எம்327 என்று போட்டிருக்கும். அந்தச் சிப்பை முதலில் செய்தது எல்ம் எலெக்ட்ரானிக்ஸ் என்ற கனடா கம்பெனி, 2022இல் மூடிவிட்டார்கள். கடையில் கிடைப்பதில் பெரும்பாலானவை அதைப் பார்த்துச் செய்த நகல்கள். 1.5 வெர்ஷன் என்று பெருமையாக எழுதியிருப்பார்கள். அந்தக் கம்பெனி 1.5 என்று ஒன்றை வெளியிட்டதே இல்லை. நகலாக இருந்தாலும் கோட் படிக்கவும் லைவ் டேட்டா (எஞ்சின் ஓடும்போதே சென்சார்கள் சொல்லும் எண்கள்) பார்க்கவும் பெரும்பாலும் போதும். ஐபோன் வைத்திருப்பவர்கள் பழைய வகை புளூடூத் அடாப்டரை வாங்கினால் இணையாது. வைஃபை அல்லது குறைந்த மின்சக்தி புளூடூத் வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். இன்னொன்று, அந்தச் சாக்கெட்டின் பதினாறாவது பின்னில் சாவியை எடுத்த பிறகும் பேட்டரி கரண்ட் இருக்கும். அடாப்டரைச் செருகியபடியே வாரக்கணக்கில் வண்டியை நிறுத்திவைத்தால் பேட்டரி இறங்கிவிடும்.

அடாப்டரை மாட்டியதும் பலரும் முதலில் அமுக்குவது 'கிளியர்' பட்டனைத்தான். எனக்கு இது எரிச்சல் மூட்டுகிற பழக்கம். கோட் பதிவான நொடியில் எஞ்சின் எந்த நிலையில் இருந்தது என்று கம்ப்யூட்டர் ஒரு படம் பிடித்து வைத்திருக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று ஆப்பில் காட்டும். கிளியர் அமுக்கினால் அதுவும் சேர்ந்து போய்விடும், துப்பறிய வந்தவரே தடயத்தைத் துடைத்த கதைதான். பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினாலும் அதே கதி. முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். என் வண்டியின் ஃப்ரீஸ் ஃப்ரேமில் ஆர்பிஎம் 740, வேகம் 0, கூலன்ட் சூடு 88 டிகிரி. அதாவது நன்றாகச் சூடேறின எஞ்சின், எங்கோ நின்றபடி ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஸ்லோவில் ஓடிக்கொண்டிருந்தபோது புகார் எழுந்திருக்கிறது. மேட்டில் ஏறும்போது இல்லை, வேகமாகப் போகும்போதும் இல்லை.

அடுத்து ஃப்யூல் ட்ரிம். கம்ப்யூட்டர் எத்தனை சதவீதம் பெட்ரோல் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற எண் இது. ஷார்ட் டெர்ம் அந்தந்த நொடிக்கு, லாங் டெர்ம் பழகிப்போன கணக்கு. இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும். மொத்தம் பத்துக்குள் கூடக்குறைய ஆடினால் கவலை வேண்டாம். எனக்கு ஸ்லோவில் லாங் டெர்ம் 19, ஷார்ட் டெர்ம் 6, மொத்தம் 25. ஆக்சிலேட்டரை மிதித்து 2,500 ஆர்பிஎம்மில் பிடித்து நிறுத்தினேன். மொத்தம் 5க்கு இறங்கிவிட்டது.

இந்த இறக்கத்திலேயே விடை பாதி வந்துவிட்டது. ஸ்லோவில் எஞ்சின் இழுக்கும் காற்றே கொஞ்சம்தான். அதில் ஒரு சின்ன ஓட்டை வழியாகத் திருட்டுக் காற்று வந்தால் அதன் பங்கு பெரிசாகத் தெரியும். ரேஸ் பண்ணினால் முறையான வழியில் ஏகப்பட்ட காற்று வரும், திருட்டுக் காற்று அதில் கரைந்துபோகும். பெட்ரோல் பம்ப் சோர்ந்திருந்தால் நேர்மாறாக இருக்கும்: ஸ்லோவில் ஒன்றும் தெரியாது, லோடு ஏற ஏறத்தான் எண் கூடும். ஏர் ஃப்ளோ சென்சாரில் அழுக்குப் படிந்திருந்தாலும் பெரும்பாலும் அப்படித்தான். ஆகவே சீட்டில் இருந்த பார்ட்டுகள் எல்லாம் பின்வரிசைக்குப் போயின. ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கணக்கு காற்றை நேரடியாக அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சார் வைத்த வண்டிக்குத்தான் இப்படிச் சுத்தமாகப் பொருந்தும். மேனிஃபோல்டு, அதாவது சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாய், அதன் பிரஷரை வைத்துக் கணக்குப் போடுகிற வண்டியில் ஏர் லீக் இருந்தால் பெரும்பாலும் ஸ்லோவின் ஆர்பிஎம் ஏறிப்போகும். ட்ரிம் இவ்வளவு காட்டாமலும் இருக்கலாம்.

லீக்கைத் தேட ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடுதலான ரப்பர் ஓஸ் துண்டு போதும். ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு இன்னொரு முனையை இன்டேக் பக்கம் இருக்கிற ஒவ்வொரு ஓஸ் மேலும் மெல்ல நகர்த்த வேண்டும். எஞ்சின் ஓடும்போது செய்கிற வேலை, அதனால் முழுக்கைச் சட்டை, தொங்குகிற எதுவும் கூடாது. ஃபேன் தானாகத் திடீரென்று ஓட ஆரம்பிக்கும். பெல்ட் பக்கம் கை போகவே கூடாது. சிலர் கார்புரேட்டர் கிளீனரை அடித்துப் பார்ப்பார்கள். சூடான எஞ்சின் மேல் பற்றியெரியும் திரவத்தை அடிக்க எனக்கு மனசு வராது. சோப்புத் தண்ணீர் ஸ்பிரே எனக்குப் போதும்.

இன்டேக் மேனிஃபோல்டுக்குப் பின்னால், எஞ்சினின் ஆயில் ஆவியை இழுத்துப் போகிற பிசிவி ஓஸ் ஒரு இடத்தில் முழங்கை மாதிரி வளைகிறது. மேலே பார்த்தால் பளபளவென்று நல்ல ரப்பர். ஓஸ் முனையை அதன் அடிப்பக்கம் கொண்டுபோனதும் காதில் உஸ்ஸென்று விடாத சத்தம். விரலை வளைத்து அடியில் தடவினேன். ரப்பர் ஆயிலில் ஊறி வழுவழுவென்று, அமுக்கினால் அமுங்கிக்கொண்டே போகிறது. நடுவில் நகக்கண் நீளத்துக்கு ஒரு வாய். அதன் உதடுகள் உள்ளே இழுபட்டபடி துடிக்கின்றன. விரல் நுனியால் அடைத்தேன். சத்தம் நின்றது, எஞ்சின் ஒரு தடவை முக்கிவிட்டு ஸ்லோவில் சீராக நின்றது. டேஷ்போர்டு மேல் வைத்திருந்த போனை வீட்டுக்காரி பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, ஆறுன்னு இருந்தது மைனஸ் பன்னெண்டு, பதினாலுன்னு இறங்குதுங்க" என்றாள். திருட்டுக் காற்று நின்றதும், பழக்கத்தில் கூட்டிக்கொண்டிருந்த பெட்ரோலை ஷார்ட் டெர்ம் உடனே வெட்ட ஆரம்பித்துவிட்டது. விரலை எடுத்தால் திரும்ப ஏறியது. இதைவிட நிச்சயமாக எந்த ஃபால்ட்டையும் நான் பிடித்ததில்லை.

ஓஸ் வாங்கும்போது உள் விட்டம் பொருந்தினால் மட்டும் போதாது, ஆயில் தாங்குகிற ரப்பராக இருக்க வேண்டும். சாதாரணத் தண்ணீர் ஓஸைப் போட்டால் கொஞ்ச காலத்தில் ஊறி உப்பிவிடும். மாற்றிய பிறகு நான் கிளியர் அமுக்கவில்லை. கோளாறு திரும்பத் தலைகாட்டாவிட்டால், தொடர்ந்து மூன்று முறை ஓட்டிச் சோதனை தேறியதும் விளக்கு தானாக அணையும். நினைவில் இருக்கும் கோட் பொதுவாக நாற்பது தடவை எஞ்சின் சூடேறி ஆறிய பிறகு அழியும். தானாக அணைந்தால் ரிப்பேர் நிஜம் என்று கம்ப்யூட்டரே ஒப்புக்கொண்ட மாதிரி.

அக்கா மகன் போன் பண்ணியது வேறு ரகம். "மாமா, வண்டி குலுங்குது, எஞ்சின் விளக்கு விட்டு விட்டு எரியுது." விளக்கு நிதானமாக எரிந்தால் பார்த்துக்கொள்ளலாம். கண் சிமிட்டினால், மிஸ்ஸிங் மோசமாகி, எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரிகிறது என்று அர்த்தம். சின்னச் செலவைப் பெரிய செலவாக்குவது அந்த ஓட்டம்தான். "அங்கேயே ஓரம் கட்டுடா, இன்னும் பத்து கிலோமீட்டர்தானேன்னு ஓட்டாதே" என்றேன். கோட் பி0302. கடைசி எண் சிலிண்டர் நம்பர்.

இதற்கு ஒரு பைசா செலவில்லாத சோதனை இருக்கிறது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி இக்னிஷன் காயில், அதாவது பிளக்குக்கு ஸ்பார்க் வோல்டேஜ் தருகிற பார்ட், இருக்கிற வண்டி அது. இரண்டாம் சிலிண்டர் காயிலைக் கழற்றி மூன்றில், மூன்றில் இருந்ததை இரண்டில் மாட்டச் சொன்னேன். கோட் பி0303 ஆக மாறி வந்தது. வியாதி காயிலோடு நடந்து போய்விட்டது, ஆக காயில்தான் குற்றவாளி. மாறாமல் 0302 ஆகவே நின்றிருந்தால் அடுத்து ஸ்பார்க் பிளக்கை இடம் மாற்றுவது, பிறகு இன்ஜெக்டர், கடைசியில் கம்ப்ரஷன். அவனுக்கு நாலு காயிலையும் மாற்றச் சொல்லி யாரோ யோசனை சொல்லியிருந்தார்கள். ஒன்று வாங்கினான். கூடவே பிளக் நான்கையும் மாற்றச் சொன்னேன், ஏனென்றால் தேய்ந்து இடைவெளி அகன்ற பிளக் காயிலைக் கூடுதல் வோல்டேஜுக்கு விரட்டி விரட்டியே சாகடிக்கும்.

எனக்குப் பிடித்த எண் ஒன்று உண்டு: மைனஸ் 40. நண்பர் ஒருவருக்கு பி0113 வந்து, உள்ளே போகும் காற்றின் சூட்டைச் சொல்கிற சென்சாரை மாற்றியும் போகவில்லை. லைவ் டேட்டாவில் காற்றின் சூடு மைனஸ் 40 என்று நிற்கிறது. நாங்கள் வியர்வையில் குளித்துக்கொண்டிருக்கிறோம்! அந்தச் சென்சாரில் குளிர் கூடினால் மின்தடை கூடும். ஒயரே அறுந்துவிட்டால் மின்தடைக்கு எல்லை இல்லை. கம்ப்யூட்டர் தனக்குத் தெரிந்த மிகக் கடுங்குளிரைச் சொல்லிவிடும். சென்சாரின் கனெக்டரைக் கழற்றி, ஒயர் பக்கத்துக் கனெக்டரின் இரண்டு பின்களையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துப் பார்த்தோம். ஒயரிங் சரியாக இருந்தால் எண் மறுகோடிக்கு, கொதிக்கும் சூட்டுக்குத் தாவ வேண்டும். தாவவில்லை. மல்டிமீட்டரை வைத்துத் தொடர்ந்தால், ஏர் ஃபில்டர் பெட்டி ஓரத்தில் மேலுறை முழுசாக இருக்க, உள்ளே செம்பு அறுந்திருந்தது. ஃபில்டர் மாற்ற ஒவ்வொரு தடவை பெட்டியைத் திறக்கும்போதும் அந்த இடம் மடங்கியிருக்கிறது. ஒரு சாண் ஒயர், கொஞ்சம் ஈயம். புதுச் சென்சார் காசு வீண். இந்த ஷார்ட் பண்ணும் வேலையை இரண்டு ஒயர் வெப்பச் சென்சாரில் மட்டும் செய்யுங்கள். மூன்று ஒயர் சென்சாரில் கை வைத்து 5 வோல்ட் சப்ளையை எர்த் பண்ணிவிடாதீர்கள்.

சம்பந்தமில்லாத கோட்கள் கும்பலாக வந்தால் முதலில் பேட்டரியும் எர்த் கேபிளும். ஓய்வில் 12.6 வோல்ட், எஞ்சின் ஓடும்போது பெரும்பாலும் 13.8 முதல் 14.5 வரை.

எல்லோரும் பயப்படுவது பி0420க்கு. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சரியாகச் சுத்தம் செய்யவில்லை என்கிற புகார், பார்ட்டும் எஞ்சின் பக்கத்தில் மிக விலை கூடியவற்றில் ஒன்று. இங்கே அவசரப்படவே கூடாது. கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒரு சென்சார், பின்னால் ஒரு சென்சார். பழைய வகைச் சென்சார்களில் முன்னது 0.1க்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்கும், பின்னது 0.6, 0.7 என்று அமைதியாக நிற்க வேண்டும். பின்னதும் முன்னதைப் போலவே ஆட்டம் போட்டால் கன்வெர்ட்டர் மேல் சந்தேகம் வலுக்கும். ஆனால் சைலன்சர் இணைப்பில் ஒரு புகை லீக் இருந்தாலும் வெளிக்காற்றை இழுத்து இதே ஆட்டத்தைக் காட்டும். புகைக்கரி படிந்த கறுப்புத் தடம் இருக்கிறதா என்று இணைப்புகளைப் பார்த்துவிடுங்கள். இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: நல்ல கன்வெர்ட்டர் ஏன் செத்தது? எஞ்சின் ஆயில் குடிக்கிறதா, நாள்பட்ட மிஸ்ஸிங் இருந்ததா? அதை விட்டுவிட்டுப் புதுசு போட்டால் அதுவும் அதே வழியில் போகும். பெட்ரோலில் ஊற்றிச் சரிசெய்கிற பாட்டில்கள் மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது.

எல்லாவற்றையும் வீட்டிலேயே செய் என்று நான் சொல்ல வரவில்லை. பெட்ரோல் கசிவு, நேரடி இன்ஜெக்ஷன் எஞ்சினின் ஹை பிரஷர் லைன், ஹைபிரிட் வண்டியின் ஹை வோல்டேஜ் ஆரஞ்சு கேபிள், இவற்றுக்கெல்லாம் நான் கும்பிடு போட்டுவிடுவேன். கண்ணுக்கும் காதுக்கும் சிக்காத ஏர் லீக்குக்கு, புகையை உள்ளே விட்டு ஓட்டையைக் கண்டுபிடிக்கும் ஸ்மோக் டெஸ்ட் செய்கிற இடத்துக்குப் போய், "பார்ட் எதுவும் மாத்த வேணாம், எங்கே லீக்னு மட்டும் காட்டுங்க, அதுக்குக் கூலி தர்றேன்" என்று கேட்டுவிடலாம். தெரியாத பார்ட்டுக்குக் கொடுப்பதைவிடச் சோதனைக்குக் கூலி கொடுப்பது எனக்குச் சம்மதம். சில இடங்களில் முகம் சுளிப்பார்கள், அந்த இடத்தை அப்படியே விட்டுவிட வேண்டியதுதான்.

பழைய கார் வாங்கப் போகும்போதும் இந்த அடாப்டர் பையில் இருக்கட்டும். கோட் எதுவும் இல்லை என்று காட்டும். சந்தோஷப்படாமல் 'ரெடினஸ் மானிட்டர்' பக்கத்தைத் திறந்து பாருங்கள். கிளியர் அமுக்கினால் கம்ப்யூட்டர் தன் சோதனைகளை முதலிலிருந்து ஆரம்பிக்கும்; பலதும் 'முடியவில்லை' என்று நின்றால், நீங்கள் வருவதற்குச் சற்று முன்னால் யாரோ துடைத்திருக்கலாம், அல்லது பேட்டரி மாற்றியிருக்கலாம். எது என்று கேட்டுப் பார்த்தால், பதில் வருகிற தோரணையே சொல்லிவிடும்.

இப்போது என் வண்டியில் விளக்கு எரியவில்லை. ஆனால் ஆப்பில் பி0128 என்று ஒரு பெண்டிங் கோட், அதாவது இன்னும் உறுதியாகாத புகார், எட்டிப் பார்க்கிறது: எஞ்சின் எட்ட வேண்டிய சூட்டை எட்டவில்லை. கூலன்ட் அளவு சரியாக இருக்கிறது. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி ரேடியேட்டர் மேல் ஓஸைப் பிடித்துப் பார்த்தேன். எஞ்சின் சூடேறும்வரை கூலன்டை ரேடியேட்டருக்கு விடாமல் மூடி நிற்கிற தெர்மோஸ்டாட் நல்லதாக இருந்தால் அந்த ஓஸ் வெகுநேரம் குளிர்ச்சியாக இருந்துவிட்டுச் சட்டென்று சூடாக வேண்டும். இது முதல் சில நிமிஷத்திலிருந்தே வெதுவெதுவென்று ஏறுகிறது. தெர்மோஸ்டாட் மூடாமல் திறந்தே கிடக்கிறது. இந்தத் தடவை கோடும் சோதனையும் ஒரே பார்ட்டைத்தான் காட்டுகின்றன. தெர்மோஸ்டாட்டும் கேஸ்கெட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். கூலன்ட் வடிக்க வேண்டியிருப்பதால், எஞ்சின் ஆறிக் கிடக்கிற ஒரு விடியற்காலையில்தான் வேலை.